கரையில்லாத ஏரி: கோத்தகிரி லாங்வுட் சோலையில் ஓர் ஓடைவழி நடை

2024 ஜனவரி இறுதியில் இந்தியாவிலிருந்து ஐந்து இடங்கள் ராம்சர் பட்டியலில் புதிதாகச் சேர்க்கப்பட்டபோது, அவற்றுள் இரண்டு தமிழ்நாட்டைச் சேர்ந்தவையாக இருந்தன. ஒன்று அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி. வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் வந்து தங்கும் பெரிய ஏரி என்பதால், அதை ஈரநிலம் என்று அழைப்பதில் எவருக்கும் தயக்கம் இருக்க வாய்ப்பில்லை. மற்றொன்று நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி நகரத்தை ஒட்டி ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்பில், அதாவது 287 ஏக்கரில், அடர்ந்து நிற்கும் லாங்வுட் சோலை. அங்கே படகு விடத்தக்க நீர்ப்பரப்பு கிடையாது, மரங்கள்தாம் உண்டு. ஒரு மலைக்காட்டை நீர்நிலைகளின் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள் என்ற கேள்விக்கு ஆவணங்களைப் புரட்டியும் விடை காணலாம் என்றாலும், ஓடைகளைத் தொட்டும் விலகியும் அந்தக் காட்டுக்குள் செல்லும் பாதையில் ஒரு காலைப்பொழுது மெதுவாக நடப்பவருக்கு அந்த விடை காலடியிலேயே கிடைத்துவிடுகிறது.

ராம்சர் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரம் உள்ள ஒரு நகரத்தின் பெயர். 1971 பிப்ரவரி 2 அன்று அங்கே கையெழுத்தான ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்தியா 1982இல் இணைந்தது. அந்த உடன்படிக்கை ஈரநிலம் என்ற சொல்லுக்குத் தரும் பொருள் மிக விரிந்தது: இயற்கையானதோ மனிதர் அமைத்ததோ, ஆண்டு முழுவதும் நீர் நிற்பதோ சில மாதங்கள் மட்டும் நனைவதோ, தேங்கிய நீரோ ஓடும் நீரோ, நன்னீரோ உப்புநீரோ, எல்லாவற்றையும் அது உள்ளடக்கும், மரங்கள் மூடிய ஈரநிலங்களுக்கும் அதன் வகைப்பாட்டில் தனியிடம் உண்டு. தமிழுக்கு இந்தப் பொதுச்சொல்தான் புதிதே தவிர, பொருள்கள் புதியவையல்ல. ஏரி, குளம், கண்மாய், ஊருணி, சுனை, ஓடை என்று நீர் நிற்கும் விதத்தையும் நகரும் விதத்தையும் வைத்துத் தனித்தனிப் பெயர் சூட்டிய மொழி இது. காட்டுக்குள் ஓடும் ஆற்றுக்கென்றே கான்யாறு என்ற பழஞ்சொல்லையும் அது வைத்திருக்கிறது. லாங்வுட் சோலையை விளங்கிக்கொள்ள ஈரநிலம் என்ற சொல்லைவிட ஏரி என்ற சொல்லே கூடுதலாக உதவும் என்பதை இக்கட்டுரை போகப்போகக் காட்டும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரி, நீலகிரியின் கிழக்கு விளிம்பில் அமைந்த ஊர். மேட்டுப்பாளையத்திலிருந்தும் உதகையிலிருந்தும் தலா முப்பது கிலோமீட்டரை ஒட்டிய மலைப்பாதைப் பயணத்தில் அதை அடையலாம். மண்பாண்டமும் இரும்பு வேலையும் இசையும் தம் மரபாகக் கொண்ட கோத்தர் என்னும் மலைக்குடியினரின் பெயரே ஊர்ப்பெயரில் நிலைத்திருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து முதலில் தங்குமிடம் அமைத்துக்கொண்டதும் கோத்தகிரிப் பக்கத்தில்தான். உதகமண்டலம் அதன் பிறகே ஆங்கிலேயரின் கோடை நகரமாக வளர்ந்தது. அந்த முந்திய பெருமை கோத்தகிரிக்கு இன்று பெரிதாகப் பயன்படவில்லை என்பது ஒருவகையில் நன்மையே. உதகையின் கூட்டம் இங்கே இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கும் படகர் மக்களின் ஹட்டி எனப்படும் சிற்றூர்களுக்கும் நடுவே, ஊரின் கடைத்தெருவிலிருந்து சில கிலோமீட்டருக்குள், ஒரு பழங்காடு மிஞ்சியிருக்க முடிந்திருக்கிறது.

116 ஹெக்டேர் என்பது காட்டுக் கணக்கில் மிகச் சிறிய பரப்பு. அதைச் சதுரமாக வரைந்து பார்த்தால் பக்கம் ஒன்றுக்கு ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மலையேற்றம் என்றவுடன் சிகரம், கூடாரம், முதுகுப்பை என்று எண்ணிக்கொள்பவர்கள் இதை நடை என்று ஒப்புக்கொள்வதற்கே தயங்கக்கூடும். ஆயினும் இந்தச் சிறுமைதான் இதன் சிறப்பு எனலாம். தேயிலைச் சரிவின் வெயிலிலிருந்து சோலைக்குள் கால்வைத்த சில நிமிடங்களில் ஒளி மங்குகிறது, காற்று அடங்குகிறது, குளிர்ச்சி தோலில் படுகிறது, மண்ணின் நிறமே கறுத்துவிடுகிறது. இரண்டு வேறுபட்ட நிலங்களை ஒரே எல்லைக்கோட்டின் இருபுறமும் வைத்து ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு, பல நாள் நடக்கவேண்டிய பெருங்காட்டில் இத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை.

சோலை என்ற சொல்லுக்குச் சமவெளித் தமிழர் மனத்தில் நிழல் தரும் தோப்பு என்பதே பொருள். சூழலியலாளர்கள் அதே தமிழ்ச் சொல்லை எடுத்து, மேற்குத்தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் மட்டும் காணப்படும் ஒரு தனிவகைக் காட்டுக்குப் பெயராக்கிக்கொண்டார்கள். பொதுவாக 1,700 மீட்டருக்கு மேல், மலைகளின் மடிப்புகளிலும் நீர் இறங்கும் பள்ளங்களிலும், சுற்றிலும் புல்வெளி சூழத் திட்டுத்திட்டாக நிற்பது அதன் இயல்பு. தாழ்நிலத்து மழைக்காட்டின் மரங்கள் முப்பது நாற்பது மீட்டர் உயர்ந்து நிற்க, சோலை மரங்கள் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. முறுக்கிய அடிமரமும், தடித்த சிறிய இலைகளும், ஒன்றோடொன்று நெருங்கிக் குடைபோல் வளைந்த முடிகளும் கொண்டு, மேலிருந்து பார்க்கையில் காலிபிளவர்ப் பூவை நினைவூட்டும் தோற்றம் பெறுகின்றன. நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், இலவங்கத்தின் காட்டுறவினங்கள், உருத்திராட்ச இனத்தைச் சேர்ந்ததும் மலைமக்கள் பிக்கி என்று அழைப்பதுமான மரம் ஆகியவை இவற்றுள் சில. தளிர் விடும் பருவத்தில் இம்மரங்கள் பல சிவந்து போகின்றன. உயர்மலையின் கடும் வெயிலிலிருந்து இளந்தளிரைக் காக்கும் நிறமியே அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

காடு பள்ளத்திலும் புல்வெளி மேட்டிலுமாகப் பிரிந்து நிற்பது ஏன் என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட வினா. மனிதர் தீவைத்துக் காட்டை அழித்ததால்தான் புல்வெளி உண்டாயிற்று என்று ஒரு காலத்தில் பலர் நம்பினர். ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நீலகிரிப் புல்வெளிகளில் விழும் உறைபனியைச் சோலை மரங்களின் கன்றுகள் தாங்குவதில்லை என்பதும், மண்ணின் ஆழமும் ஈரமும் பள்ளங்களில்தான் மிகுதி என்பதும் வேறொரு விளக்கத்தைச் சுட்டின. இதில் வலுவான சான்று மட்கரியிலிருந்து கிடைத்தது. மட்கரி என்பது நீர் தேங்கிய பள்ளங்களில் செடிகொடிகள் முழுதும் அழுகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த கரிய மண். வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்துக்கொள்ளும் முறை வேறுபடுவதால், கரிமத்தின் சற்றே கனமான வகையாகிய கார்பன்-13 புற்களின் உடலில் கூடுதலாகவும் மரங்களில் குறைவாகவும் தங்குகிறது. மட்கரியின் ஒவ்வோர் அடுக்கிலும் அந்த விகிதத்தை அளந்தால், அந்த அடுக்கு படிந்த காலத்தில் எவ்வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்பது தெரிந்துவிடும். ரா. சுகுமார் உள்ளிட்ட அறிவியலாளர்கள் நீலகிரி மட்கரியை இவ்வாறு ஆராய்ந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாற்றை 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். கடைசிப் பனியுகத்தின் வறண்ட காலத்தில் வெப்பமண்டலப் புற்கள் ஓங்கியதும், பின்னர் ஈரம் மிகுந்தபோது அவை பின்வாங்கியதும் அதில் பதிவாகியிருக்கின்றன. வேளாண்மை மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே புல்வெளி இருந்திருக்கிறது. சோலை பரவுவதும் சுருங்குவதும் மழையின் கணக்கில் நடந்திருக்கிறது.

இனி ஏரிக்கு வரலாம். கோத்தகிரி நீலகிரியின் கிழக்குப் பக்கம் இருப்பதால் தென்மேற்குப் பருவமழையின் முழு வீச்சும் இங்கே வருவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இதற்கு முக்கியமானது. சில வாரங்களில் கொட்டித் தீரும் அந்த மழையைப் பங்குனி, சித்திரை வரை வைத்துக் கொடுப்பது எது என்பதுதான் மலையூர்களின் நீர்ச் சிக்கல். சமவெளி உழவர் இதே சிக்கலுக்குக் கரை கட்டி, மதகு வைத்து, மழைநீரை ஏரியில் நிறுத்தினார். மலைச்சரிவில் அந்த வேலையைச் சோலையின் மண் செய்கிறது. மழைத்துளி முதலில் இலைக்குடையில் மோதி வேகம் இழக்கிறது. பிறகு கிளைகளைப் போர்த்திய பாசியிலும் பெரணியிலும் ஊறி, அடிமரம் வழியே வழிந்து, பல விரற்கடை தடிப்பில் கிடக்கும் இலைச்சருகின்மேல் இறங்குகிறது. சருகுக்குக் கீழே மட்கும் இலைத்தூள், அதற்குக் கீழே வேர்களும் மண்புழுக்களும் துளைத்துத் துளைத்துப் பொதபொதவென்று ஆக்கிய கருமண் என்று ஒவ்வொரு படியும் நீரை உள்வாங்கிக்கொள்வதால், பெருமழையிலும் சோலைத்தரையில் நீர் அதிகம் வழிந்தோடுவதில்லை. உள்ளே போன நீர் மண்ணிடுக்குகளிலும் அடிப்பாறையின் வெடிப்புகளிலும் நின்று, வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், மெல்லக் கசிந்து ஓடையில் சேர்கிறது. மழை பெய்து நெடுநாள் கழிந்தும் ஓடை வற்றாதிருப்பதற்கு இந்தக் கசிவே காரணம். மழையில்லா நாளின் ஓட்டத்தை நீரியலாளர்கள் அடியோட்டம் என்பார்கள்.

மழையைத் தவிர மற்றொரு வரவும் உண்டு. மலைமுகட்டைத் தழுவிப் போகும் மூடுபனி, இலைநுனிகளிலும் பாசியின் மயிரிழைகளிலும் பட்டுத் துளியாகத் திரண்டு சொட்டுகிறது. வானிலிருந்து மழை விழாத காலைகளிலும் சோலைக்குள் மட்டும் சொட்டுச் சத்தம் கேட்பதும், பாதை நனைந்து கிடப்பதும் இதனால்தான். மழைமானி வைத்து அளக்கும் கணக்கில் இந்த நீர் பெரும்பாலும் வருவதே இல்லை.

சோலையைப் பஞ்சு என்று வருணிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த உவமை பாதி உண்மைதான். மரம் நீரைச் சேமிக்க உதவுவதோடு, வேரால் உறிஞ்சி இலைவழியே ஆவியாக வெளியேற்றவும் செய்கிறது; ஆகவே மரம் நட்டால் நீர் பெருகும் என்ற முழக்கத்தை எல்லா மரத்துக்கும் எல்லா நிலத்துக்கும் பொருத்துவது பிழை. இந்தப் பிழையை எண்களால் காட்டிய ஆய்வு நீலகிரியிலேயே நடந்தது. மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம், கிளன்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றைப் புல்வெளியும் சோலைத்திட்டும் கலந்த இயற்கை நிலையிலேயே விட்டுவிட்டு, மற்றொன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் 1972இல் யூக்கலிப்டஸ் நட்டது. நீலகிரி மக்கள் கற்பூரமரம் என்று அழைப்பதும், தைலம் காய்ச்சப் பயன்படுவதுமான மரம் அது. முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பள்ளத்தின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிக்கட்டைகள் மீண்டும் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காட்டை எட்டியது. வேகமாக வளரும் மரத்தின் தாகமும் வேகமானதுதான். மெதுவாக வளர்ந்து, குட்டையாக நின்று, பள்ளத்திலேயே ஒதுங்கி வாழும் சோலை மரங்களை அந்தக் கற்பூரமரத்தோடு ஒரே தட்டில் வைத்துக் காடு என்று எண்ணிவிட்டதுதான் ஒன்றரை நூற்றாண்டு மலைநிர்வாகத்தின் பெருந்தவறு.

ஓடைக்கரையில் நிற்கும்போது கவனத்துக்குரியது ஓடைநீரின் தெளிவு மட்டுமன்று, அதற்குள் நடக்கும் வாழ்க்கையும்தான். சமவெளிக் குளத்தில் வெயில் பட்டுப் பாசி வளர்கிறது, பாசியைத் தின்று மற்றவை வாழ்கின்றன. இங்கே இலைக்குடை வெயிலைத் தடுத்துவிடுவதால், ஓடையின் உயிர்களுக்கு முதல் உணவு மேலிருந்து உதிரும் சருகுதான். நீரில் விழுந்த சருகில் முதலில் நுண்ணிய பூஞ்சைகள் படர்ந்து அதை இளக்குகின்றன; இளகிய இலையைக் கத்தரித்துத் தின்னும் பூச்சிப் புழுக்கள் அதைப் பொடியாக்குகின்றன; அந்தப் பொடியை வடிகட்டி உண்ணும் வேறு புழுக்கள் சற்றுக் கீழே காத்திருக்கின்றன. கேடிஸ் என்னும் பூச்சியினத்தின் புழுக்களுள் பல, மணலையும் சருகுத் துண்டுகளையும் தம் வாயில் சுரக்கும் பட்டிழையால் ஒட்டி, உடலைச் சுற்றிக் குழாய்போல் ஒரு வீடு கட்டிக்கொண்டு அதையும் இழுத்துக்கொண்டே நகர்கின்றன. ஓடையடிக் கல்லைப் புரட்டினால் தட்டையான உடலும் வாலில் மூன்று இழைகளும் கொண்ட சிறு உயிர் ஒன்று விரைந்து ஒளியக்கூடும். அது பெரும்பாலும் மே ஈ எனப்படும் பூச்சியின் இளம்பருவம். இவற்றுள் பல, நீரில் உயிர்வளி குறைந்தாலோ கழிவு கலந்தாலோ தாங்காதவை. ஆதலால் ஆய்வுக்கூடம் போகாமலே ஓடையின் தூய்மையை மதிப்பிட விரும்புவோர் உலகெங்கும் முதலில் இவற்றைத்தான் தேடுகிறார்கள். கல்லைப் புரட்டியவர் அதைப் பழையபடியே கவிழ்த்து வைப்பது நல்லது. அது யாரோ ஒருவரின் கூரை.

இந்த ஈரத்தை ஓடைக்கு வெளியிலும் நம்பி வாழும் உயிர்கள் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பல, தலைப்பிரட்டை என்னும் பருவத்தையே கடப்பதில்லை. ஈரச்சருகிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, விரல்நகத்தைவிடச் சிறிய தவளையாகவே வெளிவருகின்றன. குளம் வேண்டாத தவளைக்கும் ஈரம் வேண்டும்; சருகு காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும்.

லாங்வுட் சோலையை ராம்சர் பட்டியலுக்குக் கொண்டுசென்ற வாதங்களுள் பறவைகள் முக்கியமானவை. மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய, வேறெங்கும் காணப்படாத 26 பறவையினங்களுள் 14 இங்கே உண்டு என்று மத்திய அரசின் அறிவிப்பு குறிப்பிட்டது. கழுத்தில் சதுரங்கக் கட்டம்போல் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட நீலகிரிக் காட்டுப்புறா பெரிய பழங்களை விழுங்கி விதைகளைத் தொலைவில் எச்சமிடுகிறது. சிரிப்பான் என்ற பெயருக்கேற்ப ஒன்று தொடங்க மற்றவை தொடரும் நீலகிரிச் சிரிப்பான் கூட்டம், கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே காதில் விழுந்துவிடுகிறது. மூன்றாவது பறவையின் கதை தமிழர்க்குத் தனிச்சுவை உடையது. முதுகு கருநீலமும் விலாப்புறம் செம்பழுப்புமாக, ஓடையோர இருட்டில் தரையை ஒட்டியே திரியும் நீலகிரி நீலராபின், நெடுங்காலம் எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் அறிவியலாளர்களால் இடம் மாற்றி மாற்றி வைக்கப்பட்டது. 2017இல் வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் (பறவைக்கும் ஆய்வாளருக்கும் பெயர் ஒத்தது தற்செயல்) மரபணுச் சான்றுகளைக் கொண்டு இதற்கும் இதன் உறவினங்களுக்கும் புதிய பேரினம் ஒன்றை அமைத்து, ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டனர். சோலை என்ற தமிழ்ச் சொல்லோடு, வாழ்வது என்று பொருள்படும் இலத்தீன் ஈற்றைச் சேர்த்த பெயர் அது. சோலைவாசி என்று தமிழில் திருப்பிச் சொல்லலாம்.

அந்த ஆய்வு வானத்தீவு என்ற கருத்தையும் கையாண்டது. கடல் சூழ்ந்த தீவுபோல, வெப்பமான தாழ்நிலம் சூழ்ந்த உயர்மலை முகடுகளைச் சூழலியலாளர்கள் அப்படி அழைக்கிறார்கள். சோலையைவிட்டு வெளியே வரத் துணியாத இந்தச் சிறு பறவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் ஒரு கடல்தான். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓரினமும், தெற்கே ஆனைமலை, பழனி மலைப்பக்கம் வேறோரினமுமாக அது பிரிந்துபோயிருக்கிறது. அந்த அளவுக்கு வீட்டைவிட்டு அகலாத உயிருக்கு, நடுவில் ஒரு தேயிலைத் தோட்டமோ சாலையோ வந்தால் என்ன ஆகும் என்பதை நடப்பவரே ஊகித்துக்கொள்ளலாம்.

சோலையின் உட்பகுதியைவிட அதன் விளிம்பில்தான் இன்றைய போராட்டம் தெரிகிறது. தோல் பதனிடும் சாயத்துக்காகவும் விறகுக்காகவும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, நீலகிரியில் சீகை என்று வழங்கும் அயல் வேலமரங்கள் புல்வெளிகளை மூடிவிட்டன; உண்ணிச்செடியும், ஆரஞ்சு நிறக் குழல்பூக்கள் பூக்கும் செஸ்ட்ரம் என்னும் அமெரிக்கப் புதரும், மரம் விழுந்து ஒளி புகுந்த இடமெல்லாம் நுழைந்து சோலைக்கன்றுகளை முளைக்கவிடாமல் செய்கின்றன. இச்செடிகளின் பழங்களைப் பறவைகளே தின்று பரப்புவதால், வேலி போட்டு இவற்றைத் தடுக்க இயலாது; திரும்பத் திரும்ப வேரோடு அகற்ற வேண்டியிருக்கிறது. நடப்பவர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஆரஞ்சுப் பூங்கொத்து பெரும்பாலும் வந்தேறியாக இருப்பதும், கவனத்தை ஈர்க்காத குட்டைச்செடி மலைக்கே உரிய குறிஞ்சி இனமாக இருப்பதும் இப்பாதையின் சின்னஞ்சிறு பாடங்கள்.

சுற்றியுள்ள பல சிற்றூர்கள் லாங்வுட் சோலையின் ஊற்றுகளிலிருந்து குடிநீர் பெறுகின்றன. விறகுவெட்டும் மேய்ச்சலும் ஆக்கிரமிப்பும் இந்தக் காட்டை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், உள்ளூர் மக்களும் இயற்கை ஆர்வலர்களும் வனத்துறையோடு சேர்ந்து கண்காணிப்புக் குழு அமைத்துக் காவல் காத்ததே இது இன்றுவரை நிற்பதற்குக் காரணம். காட்டின் அழகுக்காக மட்டும் அவர்கள் அதைச் செய்ததாகச் சொல்வது மிகையாகும். வீட்டுக்குழாயில் நீர் வரவேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது, அந்தக் கணக்கு மிகச் சரியானதும்கூட. மரமற்ற சரிவு மழையை எப்படி எதிர்கொள்ளும் என்பதை நீலகிரி 2009 நவம்பரில் கண்டது; அந்த மாதத்துப் பெருமழையில் மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லா மண்சரிவுக்கும் காடழிப்பே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், செங்குத்தான சரிவை வெட்டி வீடும் சாலையும் அமைத்த இடங்கள் அதிகம் பாதிக்கப்பட்டதை மறுப்பார் இல்லை.

நடக்க விரும்புவோர் அறியவேண்டியவை சில. இது காப்புக்காடு, வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்லலாகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாடு அரசு அவ்வாண்டே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் நீலகிரிப் பாதைகளுள் லாங்வுட் சோலையும் ஒன்று. பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போவது சட்டத்துக்காக மட்டுமன்று. கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும் தேயிலைத் தோட்டத்திலேயே நடமாடுபவை. காட்டெருமை என்று ஊரார் அழைக்கும் அந்த விலங்கு உண்மையில் எருமையன்று, காட்டுமாடு. சாதுவாக நிற்பதுபோல் தோன்றும் அந்தப் பேருடலுக்கு வழிவிட்டு, அது நகரும்வரை காத்திருப்பதே ஊர் வழக்கம். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறையும் வந்திருக்கிறது. வருவதற்கு முன்பே இணையத்தில் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மழைமாதங்களில் வேர்களும் கற்களும் வழுக்கும், அட்டைகளும் இருக்கக்கூடும். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் உடனே நிற்காததற்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளை அது செலுத்துவதே காரணம். கழுவிச் சற்றே அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், அஞ்சவேண்டியதில்லை. பாதையைவிட்டு விலகி நடப்பதுதான் இந்தக் காட்டுக்கு உண்மையான தீங்கு. பஞ்சுபோன்ற அந்த மண் திரும்பத் திரும்ப மிதிபட்டு இறுகிவிட்டால் நீர் உள்ளே இறங்காது, மேலே வழிந்தோடி மண்ணையும் வாரிக்கொண்டு போகும். ஏரிக்கரையை மிதித்துக் கரைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஓடையில் குளிப்பது, சோப்புப் போடுவது, உண்ட கையைக் கழுவுவது ஆகியவை கீழே உள்ள சிற்றூரின் குடிநீரில் செய்யப்படுபவை என்பதை நினைவில் வைத்தால் போதும், தனியாக விதி எழுத வேண்டியதில்லை.

கோத்தகிரி வட்டாரத்து ஓடைகள் தெற்கே மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினாலும் வடக்கே மாயாற்றில் சேர்ந்தாலும், இறுதியில் பவானியைத்தான் அடைகின்றன. பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் 105 அடி நீர்மட்டத்துக்குக் கட்டப்பட்ட பவானிசாகர் அணையின் கீழ்பவானி வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகிறது. அந்த வாய்க்கால் பாசனத்து ஈரோட்டு உழவர் எவரேனும் கோத்தகிரிக்கு வந்தால், லாங்வுட் சோலைக்குள் ஒரு மணிநேரம் நடந்து, தம் தலைமடைகளுள் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகலாம்.